கரி அடுப்பில் உலர்ந்த புடவை

பர்மாவின் மோல்மேன் ஊராருக்கும், ரங்கூனில் எங்களுக்காகக் கண்விழித்துக் காத்திருந்த உறவுகளுக்கும் வணக்கம்.

அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டார். நேற்றுக் காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு போதவில்லை என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். மோல்மேனுக்குப் போன இடத்தில் அம்மா மருத்துவமனையில் கிடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை.

ஆடி மாதத்தில் எவராவது மோல்மேனுக்குப் போவார்களா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் அம்மா. தை பிறக்கட்டும் என்றேன். “தைக்கு நான் இருப்பேனா?” என்றார். அதற்கு மேல் யார் வாதாடுவது? இரண்டு நாள் பயணம், இரண்டே புடவை. சால்வீன் ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறியதும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். 2005-இல் பாலம் வருவதற்கு முன்பெல்லாம் மார்த்தபானில் இறங்கிப் படகேறிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு தெரியவில்லை. மழைதான் தெரிந்தது.

அந்த ஊரில் ஆகஸ்ட் மாதம் மட்டுமே ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையில் முட்டி, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. ரங்கூன் மழையில் வளர்ந்த எனக்கே அது வேறு மழை. கரையோரச் சாலையில் நின்றால் எதிரே தெரிய வேண்டிய பிலூ தீவு பதினொரு நாளில் இரண்டு முறைதான் கண்ணில் பட்டது. சுவர் வியர்த்தது, தீப்பெட்டி நமுத்தது, துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம் போகாமல் முடை நாற்றம் அடித்தது. மின்சாரமும் வருவதும் போவதுமாக இருந்ததால் இஸ்திரிப் பெட்டியை நம்ப முடியவில்லை. நாங்கள் தங்கிய விடுதியில் அறைக்குள் கொடி கட்டியதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். பெயர் வேண்டாம், விடுங்கள்.

நான்காம் நாள் மாலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மாவின் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஈரப் புடவை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா குடையோடு வந்து நின்றார். “அம்மாவா, மாமியாரா?” பாதித் தமிழ், பாதி பர்மியம். அம்மா என்றேன். “கொடு இங்கே” என்று புடவையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தேடிப் போனேன். கடையின் பின்புறம் ஒரு கரி அடுப்பு. அதன்மேல் ஒரு மூங்கில் கூடை கவிழ்த்திருந்தது. பிள்ளைக்குத் தலைகுளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவோமே, அதே கூடை. அதன்மீது எங்கள் புடவை நான்காக மடித்துக் கிடந்தது. டீ ஆற்றுவதற்கும் சில்லறை கொடுப்பதற்கும் நடுவே அக்கா வந்து வந்து, தோசை திருப்புவதுபோல் மடிப்பைத் திருப்பினார். “கங்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது, சாம்பல் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி போய்விடும்” என்றார். ஆறு கெஜமும் உலர இரண்டு மணி நேரம் ஆனது.

சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து அம்மாமேல் போர்த்தினேன். அன்று காலையிலிருந்து பேசாதவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் திறக்காமலே, “யார் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறது?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஏழு இரவுகள், அக்கா, ஏழு இரவுகள். பணத்தை நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டீர்கள். கடைசி நாள் முந்தானை ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கருகிவிட்டது என்று அத்தனை வருத்தப்பட்டீர்கள். அம்மா இப்போது அந்தப் புடவையைத்தான் கட்டியிருக்கிறார். பேசிக்கொண்டே அந்த இடத்தை விரலால் நெருடிக்கொண்டிருக்கிறார்.

இரத்தம் கொடுத்த இரண்டு தம்பிகள், தண்ணீர் ஏறிய தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டே வந்த சைக்காக்காரர், இரவுப் பணியில் இருந்த தாதியர், கோயிலிலிருந்து கஞ்சி கொண்டுவந்த அண்ணன்மார், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய மைத்துனர், மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்ன பெரியவர் — எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிலரின் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

அக்கா, உங்கள் கூடையின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தை பிறந்ததும் அம்மாவும் நானும் வருகிறோம். எங்கள் தெருவில் கூடை பின்னுகிற தாத்தாவிடம் புதிது ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். அளவு தெரியாமல் கையை விரித்துக் காட்டினேன். அதுவரை அந்த விளிம்பில் கந்தைத் துணி ஏதாவது சுற்றிவையுங்கள், கையில் ஏறிவிடும்.