ஓசோன் ஓட்டையால் வெயில் கூடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 16, ஓசோன் நாள் வந்துவிட்டால் பள்ளி மேடையிலிருந்து பத்திரிகைத் துணுக்கு வரை ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது: ‘ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, அதன் வழியாக வெயில் இறங்கி பூமி சூடாகிறது.’ கூரையில் ஓடு உடைந்தால் வீட்டுக்குள் வெயில் விழத்தானே செய்யும் என்று கேட்பவருக்கும் சரியாகவே படும். ஆனால் வானத்தில் நடப்பது அதுவல்ல.

ஓசோன் படலம் தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை. அது மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும். அக்னி நட்சத்திர வெயில் அதனால் அதிகமாகாது. ஓட்டை என்று சொல்லப்படுவதும் அண்டார்க்டிகாவுக்கு மேலே, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஓசோன் மிகவும் குறைந்துபோகும் பகுதிதான். வேலூருக்கோ கரூருக்கோ மேலே அப்படி ஒன்று கிடையாது.

பூமி சூடாவது வெயில் கூடுதலாக உள்ளே வருவதால் அல்ல, சூடு வெளியேறத் தாமதமாவதால். வெயில் பட்டுச் சூடான தரை, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகள் இவை. அகச்சிவப்பைக் கண்டுகொள்வதே இல்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவைதான் அதைப் பிடித்து, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்புகின்றன. இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். ஆலைகள் வருவதற்கு முன் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 280 என்றிருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாயின் மவுனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315ஆக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ‘பத்தாயிரத்தில் மூன்று நான்கானதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்பவர்கள், மீதிக் காற்றில் பெரும்பகுதி இந்த ஆட்டத்திலேயே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சூரியனே காரணம் என்றால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாக, ஓசோன் இருக்கும் மேலடுக்கு குளிர்ந்துகொண்டு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிர்ச்சிக்கு ஓசோன் குறைந்ததும் ஒரு காரணம்.

அப்படியானால் ஓசோனுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அது வானத்து ஓட்டையில் இல்லை, நம் வீட்டு ஏசியின் செம்புக் குழாயில் இருக்கிறது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், முதல் வேலையாக செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். கேஸ் ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பின்னாளில் அமெரிக்கா போய், 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அதே கேஸ் குடும்பமான குளோரோஃபுளோரோ கார்பன்கள் சூட்டைப் பிடிப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட, மூலக்கூறுக்கு மூலக்கூறு, பத்தாயிரம் மடங்கு வலுவானவை என்று காட்டியது.

காரணம் எளிது. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பில் 8 முதல் 12 மைக்ரான் அலைநீளம் வரையிலான பகுதியை நீராவியும் பெரிதாகத் தடுப்பதில்லை, கார்பன் டை ஆக்சைடும் தடுப்பதில்லை. சூடு தப்பிப்போகத் திறந்து கிடக்கும் ஜன்னல் அது. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு அதிர்வது சரியாக அந்த இடத்தில்தான். ஏற்கெனவே பாதி மூடிய கதவில் இன்னொரு ஆள் நிற்பதற்கும், திறந்த ஜன்னலில் பலகை அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஓசோனைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின், ஏசி, ஃபிரிட்ஜ் கேஸ்களிலிருந்து ஓசோனைத் தின்னும் குளோரின் படிப்படியாக விலக்கப்பட்டது. ஃபுளோரின் உள்ளேயே இருந்துவிட்டது. ஆர்-22 என்ற பழைய ஏசி கேஸுக்கு அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ ஏறத்தாழ 3,000 யூனிட் கரண்டுக்கு ஈடு. இப்போது பரவலாக வரும் ஆர்-32க்கு அந்த எண் 675. விளம்பரங்கள் இதைப் ‘பசுமை கேஸ்’ என்கின்றன. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் இதுவே 2,300க்கு மேல் போகும். சீக்கிரம் சிதைகிற வாயு என்பதால் நூறாண்டுக் கணக்கு அதற்குச் சாதகம். புரொப்பேனான ஆர்-290க்கு 3தான். ஆனால் அது சமையல் கேஸ் போலவே எரியும்; அதற்கென்று வடிவமைத்த இயந்திரத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். ‘வருஷா வருஷம் கேஸ் போடணும்’ என்பது பொய். ஏசியில் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் இணையும் நட்டைப் பாருங்கள். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் கசிவு அங்கேதான். கம்ப்ரசர் ஆயிலும் கேஸோடு சேர்ந்து வெளியேறும். அந்தக் குழாயில் பனி படிந்தால் கேஸ் குறைவு என்பதற்கு அடையாளம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும், சாக்கடை ஓரங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் காயிலை அரிப்பதுண்டு.

கசிவுக்குப் பெரும்பாலும் ஃபிளேர், அதாவது நட்டுக்குள் உட்காரப் புனல் போல விரித்த குழாய் முனை, சரியில்லாததே காரணம். குழாயை வெட்டிய பிசிறை ரீமர் போட்டு எடுக்காமல் விரித்தால் முகம் சமமாக உட்காராது. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கு’ என்று பலம் காட்டினால் செம்பு மெலிந்து விரிசல் விடும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் அது கைக்குத் தெரியாது.

சரிசெய்ய வேண்டிய முறை இது. மிச்சமிருக்கும் கேஸை ரெக்கவரி இயந்திரத்தால் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. பிறகு உலர் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனை மட்டும் ஏற்றவே கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கசிவை அடைத்தபின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் பம்ப்பை ஓட்டி, குழாயின் உள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (இங்கே மைக்ரான் வெற்றிட அளவு) கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்தி, அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் பம்ப்பே வருவதில்லை. அவுட்டோர் யூனிட்டில் உள்ள கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்த வேகத்தில் குழாயிலிருக்கும் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். கேஸும் வீண், ஈரமும் முழுதாகப் போகாது. தங்கிய ஈரம் ஆயிலில் அமிலத்தை உண்டாக்கி ஒருநாள் கம்ப்ரசர் வைண்டிங்கைச் சுட்டுவிடும்.

வீடு மாறும்போது நடப்பது இன்னும் மோசம். நட்டைக் கழற்றி ‘புஸ்’ என்று விட்டுவிடுவது ஐந்து நிமிட வேலை. கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால் பம்ப் டவுன், அதாவது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே சேர்த்து மூடுவது, செய்வதற்கும் கால் மணி நேரம்தான் ஆகும். தடித்த குழாய்ப் பக்கம் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, ஏசியைக் கூலிங்கில் ஐந்து, பத்து நிமிடம் ஓட விட வேண்டும். மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீயால் முழுதாக மூடினால் கேஸெல்லாம் அவுட்டோர் யூனிட்டில் சேரத் தொடங்கும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாய் வால்வையும் மூடி உடனே மெஷினை அணைக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகவிட்டால், அல்லது நட்டு தளர்ந்திருந்தால், காற்று உள்ளே இழுக்கப்பட்டு கம்ப்ரசர் வெடிக்கும் அபாயம் உண்டு.

மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தின்படி இந்தியா 2028இல் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களின் அளவை நிலைநிறுத்தி, 2032 முதல் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். அது புதிதாகத் தயாரிப்பதற்கும் இறக்குமதிக்குமான கணக்கு. ஏற்கெனவே சுவரில் தொங்கும் ஏசிக்குள் இருப்பது அந்தக் கணக்கில் வராது. அது மெக்கானிக்கின் கையிலும், கூலி பேசும் நம் கையிலும் இருக்கிறது.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும். கேஜை மட்டும் பார்த்து ஏற்றாமல் சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் கலவை என்பதால் அதைத் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். சாதாரண சிலிண்டரென்றால் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். பில்லில் ‘கேஸ் டாப்-அப்’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். எத்தனை கிராம் எடுத்தார், எத்தனை கிராம் ஏற்றினார், கசிவு எந்த இடத்தில் இருந்தது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
குளிர்சாதனத் தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி