மகளுக்கு, கம்பத்திலிருந்து

அன்பு மகளுக்கு,

அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. கோர்ட்டில் இருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

பெருநாளுக்கு வந்தவள் கறுப்பு கவுனைப் பீரோவிலேயே விட்டுப் போயிருக்கிறாய். கழுத்துப் பட்டை இரண்டும் சேர்த்துத்தான். அம்மா அவற்றுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, மடங்காமல் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறாள். வேறு வாங்கியிருப்பாய். இல்லையென்றால் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

2023 நவம்பரில், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜாக இருந்த பாத்திமா பீவி அம்மா மவுத்தானபோது நான் பேப்பரை வெட்டி வைத்ததற்கு நீ சிரித்தாய். நேற்று அதை எடுத்துப் படித்தேன். நம் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த அம்மா என்றால் கவர்னர்தான். 1997-லிருந்து 2001 வரை ராஜ்பவனில் இருந்தது, 2001 மே மாதம் ஜெயலலிதாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தது, ஜூலையில் இவர் ராஜினாமா செய்தது, செப்டம்பரில் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. டீ ஆறும்வரை இதையே பேசுவார்கள். எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு. வக்கீலிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை.

நான் பார்ப்பது 1950-ஐ. பார் கவுன்சில் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கி, நவம்பரில் வக்கீலாகப் பதிவு செய்கிறார். கொல்லம் கோர்ட்டில் தொழில். கீழ்க்கோர்ட் ஜட்ஜான முன்சீப் ஆனது 1958-ல். நடுவில் இருக்கிற அந்த ஏழரை வருஷத்தைப் பேப்பர்காரன் ஒரே வரியில் தாண்டிவிடுகிறான். பத்தனம்திட்டா ராவுத்தர் வீட்டுப் பெண் முக்காட்டோடு போய் நின்றால் அன்றைக்கு எத்தனை கட்சிக்காரன் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான்? சீனியர் என்ன பேசியிருப்பார்? முன்சீப்பிலிருந்து சப் ஜட்ஜ் ஆக இன்னும் பத்து வருஷம். ஹைகோர்ட் 1983-ல். அங்கே ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாயிற்று. ஐந்து மாதம் கழித்து, 1989 அக்டோபரில், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். நாட்டிலேயே முதல் பெண். அப்போது வயது 62. உனக்கு 26. சும்மா சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜூனியருக்குச் சென்னையில் மாதம் இருபதாயிரம் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் ஹைகோர்ட் சொன்னதாகப் படித்தேன். உன் சீனியர் கொடுக்கிறாரா? கொடுக்காவிட்டாலும் வாடகைக்கு நான் இருக்கிறேன்.

அந்த அம்மா கெமிஸ்ட்ரி படித்தவர், மேலேயும் அதையே படிக்க ஆசைப்பட்டவர். அவருடைய வாப்பா மீரா சாகிபுதான் சட்டம் படி என்றாராம். அன்னா சாண்டி என்ற பெண் திருவிதாங்கூரில் முன்சீப்பாக இருந்ததைப் பார்த்தவர் அவர். இந்த இடம் வந்தால் உங்கம்மா பேப்பரை விட்டு என்னைப் பார்க்கிறாள். நீ பி.எஸ்ஸி. பாரம் வாங்கி வந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. நான் உன்னை எங்கே தள்ளினேன்? ஐந்தாம் வகுப்பில் நன்னியின் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "அத்தா, தெற்கு எல்லையில வாய்க்கால் விட்டுப்போச்சு" என்றவள் நீ. பத்திரம் எழுதியவரே தலையைச் சொறிந்தார். ஊரெல்லாம் சொன்னேன். அப்படிப்பட்டவள் ஒரு போன் எடுக்கக் கூடாதா?

குப்பி வந்திருந்தாள். உத்தமபாளையத்தில் ஒரு வரன், பையன் இன்ஜினியர், நல்ல குடும்பம். உன் விவரம் கேட்கிறார்கள். அந்த அம்மா கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று என்னிடம் வாதாடாதே, அதில் மட்டும் அவரைப் பிடித்துக்கொள்ளாதே. உனக்கு இஷ்டமில்லை என்றால் குப்பியிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

பயோடேட்டா நானே எழுதினேன். பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் போட்டாயிற்று. தொழில் என்ற இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குப்பி அதை வாங்க வருகிறாள். அதற்குள் என்ன எழுதட்டும் என்று சொல்.

அத்தா