இனிஷியல் மாறும் பெண்கள்

அன்புள்ள செல்வி,

நலம்தானே? உன் மாமியார் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி சீரியலில் உட்கார்ந்துவிட்டார் என்று பெரியக்கா சொன்னாள், சந்தோஷம். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். முழுசாகப் படி.

ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, 2024இல் வந்தது. 2008 முதல் அங்கே பள்ளியிலேயே 12, 13 வயதுப் பெண்களுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். 1988க்கும் 1996க்கும் இடையில் பிறந்த சுமார் நாலரை லட்சம் பெண்களின் தடுப்பூசிப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லையடி! போடாதவர்களில் லட்சத்துக்கு 8.4 பேர். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இதே நோயில் வாடை வருகிறதென்று வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரம் படுக்கவைத்திருந்தார்களே, அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். ராத்திரி தூக்கமே இல்லை.

இதை அவர்களால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க சுகாதார எண் ஒன்று இருப்பதுதான். பள்ளியில் போட்ட ஊசி, பிறகு எடுத்த பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் பரிசோதனை), ஆஸ்பத்திரி அட்மிஷன் எல்லாம் அதே எண்ணில் போய்ச் சேர்கிறது. ஸ்வீடனிலும் இப்படிப் பதிவுகளை இணைத்துத்தான் 2020இல், 17 வயதுக்குள் போட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு என்று காட்டினார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி என்று 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தபோது நான் குதித்தது உனக்குத் தெரியும். மாநிலம் முழுக்கப் புற்றுநோய்ப் பதிவேடும் இருக்கிறது, அடையாறு இன்ஸ்டிடியூட்காரர்கள் வருஷக்கணக்காக உழைத்து வைத்திருப்பது. ஆக நோயைப் பதிகிற அந்த முனை சரி. என் கவலையெல்லாம் ஊசியைப் பதிகிற இந்த முனைதான்.

எங்கள் பக்கத்துப் பள்ளி முகாம் நோட்டு ஒன்றைப் பார்த்தேன். ஒரே வகுப்பில் மூன்று எம். பிரியா. இரண்டு பேருக்குப் பிறந்த நாள் ஜூன் மாதம், பள்ளியில் சேர்க்க வசதியாக எழுதினது. போன் நம்பர் ஒருத்திக்கு மாமாவுடையது, ஒருத்திக்குப் பக்கத்து வீட்டுடையது. இந்தப் பிரியா நாளைக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போவாள், அப்பா இனிஷியல் போய்க் கணவன் இனிஷியல் வரும். முப்பத்தைந்து வயதில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கே. பிரியா என்று படுத்தால் யார் அடையாளம் காண்பது? நீயே காலேஜில் ஆர். செல்வி, பாஸ்போர்ட்டில் செல்வி குமரேசன். உன்னையே இணைக்க முடியாது.

ஆதாரைக் கட்டாயமாக்கலாம் என்பாய். வேண்டாம் தாயே, கார்டு கொண்டுவராத பிள்ளையை ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது இதைவிடப் பெரிய பாவம். பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் எமிஸ் எண் (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தருவது) இருக்கிறதே, முகாமில் அதை எழுதட்டும். கூடவே அம்மா பெயர், சொந்த ஊர். இனிஷியல் மாறும், அம்மா மாறமாட்டாள். அந்தப் பக்கம் புற்றுநோய்ப் பதிவிலும் அம்மா பெயரைக் கேட்டு வாங்கவேண்டும். ரகசியம் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு வழி இருக்கிறது: இணைப்பவர் கையில் பெயர் மட்டும், ஆராய்பவர் கையில் நோய் விவரம் மட்டும்.

இல்லையென்றால் இருபது வருஷம் கழித்து, இந்த ஊசியால் என்ன பயன் என்று எவனாவது சட்டசபையில் கேட்பான், நம்மிடம் போட்ட ஊசிகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். எண்ணிக்கையை வைத்து நிதியை நிறுத்தத்தான் முடியும், காப்பாற்ற முடியாது.

முகாமில் நிரப்பும் தடுப்பூசிப் படிவம் பற்றிய கூட்டத்தில் நீ உட்காருகிறாய், நான் இல்லை. அதனால்தான் இவ்வளவும் உன்னிடம். மூன்றே மூன்று கட்டம், செல்வி. அச்சுக்குப் போகும்முன் சேர்க்க முடியுமா, யாரிடம் பேசவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு. மாதிரிப் படிவம் என்னிடம் தயாராக இருக்கிறது, கேட்ட நிமிஷம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா