கூப்பிடாமலே படலை திறந்து வந்தவர்களுக்கு

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வேலை செய்கிற எல்லாருக்கும் வணக்கம்.

டெங்குக் காய்ச்சலோடு கிடந்த மகன் ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு கிழமை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். நேரில் சொல்லத்தான் வந்தேன். அன்று கிளினிக் நாள். வாங்கு முழுக்கத் தாய்மாரும் கைக்குழந்தைகளும். உங்களை மறித்துக் கதைக்க மனம் வரவில்லை. சரி, யாழ்ப்பாணத்தில் நாலு பேர் அறியவே எழுதுவோம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் எங்கள் மிட்வைஃப் தங்கச்சிக்கு. (கடிதங்களில் குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் வாய்க்கு மிட்வைஃப்தான் வரும்.) பொங்கலுக்கு இரண்டு நாள் முன் மழைக்குள் ஸ்கூட்டியில் அவர் வந்தது மகளையும் புதுப்பிள்ளையையும் பார்க்க. கொப்பூழைப் பார்த்தார், பால் குடிக்கிற விதத்தைப் பார்த்தார். வெளிக்கிடும்போதுதான் விறாந்தையில் சுருண்டு கிடந்த மகனைக் கண்டார். காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று கேட்டார். மூன்று என்றேன். நான் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்த வலிக்குளிசையைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. "அண்ணை, இதைக் குடுக்காதேங்கோ. டெங்கு எண்டால் இரத்தக்கசிவைக் கூட்டிப்போடும். பரசிற்றமோல் மட்டும். இண்டைக்கே இரத்தம் சோதியுங்கோ."

பின்னேரமே வார்ட்டில் சேர்த்தோம். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனமாய்ப் பார்க்க வேண்டிய நேரம் என்று அங்கே சொன்னார்கள். நான் என்றால் உடம்பு குளிர்ந்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன்.

அடுத்த நாள் காலை படலையில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி நிற்கிறார். நான் ஒருவருக்கும் அறிவிக்கவில்லையே! டெங்கு என்று சந்தேகம் வந்தாலே வார்ட்டிலிருந்து நோய் அறிவித்தல் படிவம் உங்கள் பணிமனைக்கு வந்துவிடுமாம். இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. போன மாரியில் இதே தம்பியிடம், "எங்கட வளவு துப்புரவு, அடுத்த வளவைப் போய்ப் பாருங்கோ" என்று கதைத்தவன் நான். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் எல்லாம் பார்த்தார்; ஒன்றுமில்லை. அப்புறம் ஏணி கேட்டார். கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கோப்பையில் அள்ளி வந்து காட்டினார். உள்ளே நுளம்புப் புழு நெளிந்தது. வழக்குப் போட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதனால் கிழமைக்கு ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். ஒழுங்கை முழுக்கப் புகையடித்த தம்பிமாருக்கும் நன்றி. புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் கிடக்கிற புழுவை அல்ல என்று அவர்களே சொன்னார்கள்.

சின்ன வயதில் மலேரியாவுக்குச் சுவரில் மருந்தடிக்க வருவார்கள்; அந்த மணத்துக்கு அம்மா திட்டித் தீர்ப்பா. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தபோது அந்த மருந்தடித்தவர்களுக்கு யாராவது மடல் எழுதினார்களோ தெரியாது. நாங்கள் எழுதவில்லை.

ஏணி இப்போது படலையடியில்தான் நிற்கிறது. ஒழுங்கையில் யாருக்கு வேண்டுமென்றாலும் எடுக்கலாம். பங்குனியில் பேரனுக்கு இரண்டாம் மாத ஊசி. அட்டையோடு வருவோம்.