தொண்டைக்குப் போனேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்டோஸ்கோபி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழாய் எப்படி உள்ளே போகிறது, கேமரா எதையெல்லாம் காட்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பரிசோதனை முடிந்து நோயாளி நாற்காலியை விட்டு எழுந்ததோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. என் பாடு தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

நான் பள்ளி ஆசிரியை. மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மல் விடாததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். குரல்நாணைப் பார்த்துவிடலாம் என்றார். தொண்டைதானே என்று நான் வாயைத் திறக்க, அவர் இடது மூக்கில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார். பிறகு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் வளைந்து கொடுக்கும் ஒரு குழாய் அதே வழியாக இறங்கியது. பாதி வழியில் எதிலோ உரசிக்கொண்டு நின்றது; கண்ணில் நீர் கொட்டியது. லேசாகத் திருப்பி உள்ளே விட்டார். "ஈ... சொல்லுங்க" என்றார். சொன்னேன். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் ஒட்டிப் பிரிந்தன. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான், குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். எல்லாம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. "வேற ஒண்ணும் பண்ணாதே டாக்டர்?" என்று கேட்டேன். "ரொட்டீன் டெஸ்ட்தாம்மா, ஒண்ணும் பண்ணாது."

அவர் கைத்திறமையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த 'ரொட்டீன்' என்ற சொல்லோடுதான் என் சண்டை. அன்றைக்கு அவர் பார்த்தது எத்தனையாவது மூக்கோ, எனக்கு இருப்பது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் தண்ணீர் குடித்தேன். புரையேறி, இருமி, பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டும் அளவுக்கு ஆகிவிட்டது. மரத்துப்போகும் மருந்து மூக்கோடு நிற்காமல் தொண்டைக்கும் வழிந்திருக்கிறது. அந்த மரப்பு போக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை எதையும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது என்பது எனக்குத் தெரியாது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஒரு உருண்டை அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மேல் முன்பற்களை நாக்கால் தொட்டால் யாருடைய பற்களோ போலிருந்தது. பல்லுக்கு என்ன வந்தது என்று அதுவேறு பயம்.

சாயங்காலம் மரப்பு போய், உள்ளே எரிச்சல் வந்தது. இடது பக்கம் முழுதாக அடைத்துக்கொண்டது. தும்மல் மேல் தும்மல். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் சளியோடு நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. மகன் போனில் தேடி, வரிசையாகப் பெரிய பெரிய வியாதிகளின் பெயரைப் படிக்க ஆரம்பித்தான். போனைப் பிடுங்கி வைத்தேன். ஆனால் அன்று இரவு தூங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்துவிட்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த செவிலியர் ஒருவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். முதலில் அடிக்கும் மருந்தில் மரத்துப்போவதற்கு ஒன்று, மூக்குக்குள் இருக்கும் சவ்வைச் சுருக்கி வழி விடுவதற்கு ஒன்று என இரண்டு இருக்குமாம். சில மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்ததும் சுருங்கிய சவ்வு மறுபடி உப்பும். உரசிய எரிச்சலும் சேர்ந்தால் அடைப்புதான். எனக்கு மூக்குத்தண்டு, அதாவது இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, இடது பக்கம் வளைந்து ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கிறது, குழாய் உரசியது அங்கேதான். தண்டுக்குப் போகும் நரம்பு ஒன்று கீழே இறங்கி முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்துக்கும் போகிறது. பல் விஷயம் அதனால்தான். ஓரிரு நாள் லேசாக ரத்தம் கலந்து வருவது சகஜம்.

செய்யக் கூடாததை எல்லாம் நான் ஒன்று விடாமல் செய்திருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேகமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பொருக்கை விரலால் எடுக்கக் கூடாது, காய்ந்து எரிந்தால் உப்புநீர் ஸ்பிரே போதும். வீட்டில் கிடந்த மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நானாகவே விட்டுக்கொண்டிருந்தேன். அதை நாள் கணக்கில் நீட்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும் என்று கடிந்துகொண்டார். சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து படுக்கக் கூடாதாம். ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10, 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே வர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். என்னிடம் அதையும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க, பரிசோதனைக்கு ஆன நேரம்தான் ஆனது. இதை முதல் நாளே சொல்லியிருந்தாலோ, அரைப் பக்கத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்திருந்தாலோ என் இரண்டு இரவுத் தூக்கம் கெட்டிருக்காது. பரிசோதனைக்கு முன் கையெழுத்து வாங்கத் தாள் இருந்தது. முடிந்த பின் கொடுக்கத்தான் இல்லை. உங்கள் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருவதாக இருந்தால், வீட்டுக்குத் திரும்பிய நோயாளியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் குரல்நாண் வீக்கம் வற்றியதா என்று மறுபடி பார்க்க வேண்டுமாம். போகத்தான் போகிறேன். மருந்தைக் கையில் எடுக்கும் முன்பே, இந்தத் தடவை வலது பக்கமாக விடுங்கள் டாக்டர் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி