தலை கேட்டுப் போனவன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த என் சிறுகதையைப் பற்றி இரண்டு வாசகர் கடிதங்கள் பார்த்தேன். 1740களில் தக்கலைக்குப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் ஒருவனுக்கும் வில்லுப்பாட்டுக்காரன் ஒருவனுக்கும் இடையே வரும் காதல்தான் கதை. ‘இந்தக் காலத்துச் சரக்கை அந்தக் காலத்தில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார்’ என்கிறார் ஒருவர். இன்னொருவருக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு கதை எங்கிருந்து தோன்றியது என்று மட்டும் கேட்கிறார். இவருக்குச் சொல்லும் பதிலே அவருக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

வில்லுப்பாட்டில் இரவிக்குட்டிப் பிள்ளை கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் என் வயதில் குறைவு. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் கணியாகுளத்தில் வெட்டுப்பட்டு விழுந்த, வேணாட்டுப் (பின்னாளில் திருவிதாங்கூர் ஆன நாடு) படைத்தலைவர் அவர். போருக்குப் போகாதே என்று தாயும் மனைவியும் தாங்கள் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்லித் தடுப்பார்கள். பாட்டு அந்த இடத்தில் நின்று நிதானமாகப் போகும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குள் ஒட்டிக்கொண்டது அதற்கு அப்புறம் வருவது. வெட்டிய தலையை எதிரிகள் கொண்டுபோய்விட, அவருடைய ஆள் ஒருவன் தனியாக நாயக்கரின் பாளையத்துக்குள் நுழைந்து தலையைக் கேட்டு வாங்கி வருகிறான். விசுவாசம் என்று சொல்லிக் கதை மேலே நகர்ந்துவிடும். மீசை அரும்பும் வயதில் ஒரு கோயில் கொடையில் இதைக் கேட்டேன். குடம் அடிப்பவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். வெறும் விசுவாசத்துக்கு ஒருவன் இவ்வளவு தூரம் போவானா? வரும் வழியில் அந்தத் தலையை எப்படி வைத்திருந்திருப்பான்? துணியில் முடிந்து தோளில் தொங்கவிட்டா, நெஞ்சோடு சேர்த்தா?

அவன் அவரைக் காதலித்தான் என்று நான் சொல்லவில்லை. பாட்டிலும் அப்படி இல்லை. ஆனால் என் கதையில் வரும் பாட்டுக்காரன் இதைத்தான் பாடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் பட்டறைக்காரனுக்கும் என் சந்தேகமே வருகிறது. கதை அங்கேதான் முளைத்தது.

புறநானூற்றிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. வடக்கிருக்க, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிர்விட, போகும் சோழன், ஆந்தை வருவான், அவனுக்கும் இடம் விட்டு வையுங்கள் என்கிறான். பெயர் கேட்டால் தன் பெயர் சோழன் என்று சொல்பவன் அவன் என்கிறான். அவரும் வந்து, அங்கேயே வடக்கிருந்து உயிர்விடுகிறார். பரிமேலழகர் முதல் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை இதை நட்பு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். சரி, நட்பாகவே இருக்கட்டும். நட்புக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டிக்கொடுத்த மொழியில், அதை ஒட்டிய வீட்டில் யாருமே குடியிருந்ததில்லை என்றால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

உதயகிரிக்கு வருவோம். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லெனாய், 1777இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்தான் புதைக்கப்பட்டார். கூரை போன தேவாலயத்துக்குள் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பக்கத்திலேயே மனைவியும் மகனும். பீரங்கி வார்த்தவர்களின் பெயர் நான் அங்கே பார்த்த எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் யாரோடு வாழ்ந்தார்கள், யாருக்காக ஏங்கினார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டால் நான் எங்கே போவேன்? பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தார்கள் என்று எழுதியிருந்தால் யாரும் ஆதாரம் கேட்டிருக்க மாட்டார்கள். (இப்போது கோட்டைக்குள் பூங்கா. குடைக்குள் உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் வரலாற்றுக்கு விரோதம் என்று இதுவரை யாரும் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.)

‘இந்தக் காலத்துச் சரக்கு’ என்ற நண்பருக்கு ஒன்று. இதைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு, 1860இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் வந்தது. மனமொத்த, வயது வந்த இருவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். என் கதை நடப்பது இதற்கெல்லாம் நூறு வருஷத்துக்கும் முன்னால். அதற்காக அன்றைய திருவிதாங்கூரைப் பொற்காலம் என்று நான் காட்டவில்லை. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதி அளந்து வைத்திருந்த நாடு அது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்கு 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. பட்டறைக்காரனும் பாட்டுக்காரனும் ஒரே திண்ணையில் உட்கார முடியாது. என் கதையில் அவர்களைப் பிரிப்பது அதுதான். இரண்டு கடிதங்களிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சிலர் போன் போட்டு, ‘நீங்களும் அப்படியா’ என்று விசாரித்தார்கள். ஆமாம். ஆனால் அதை வைத்து மட்டும் பீரங்கி வார்க்கும் களிமண் அச்சைப் பற்றி எழுத முடியாது. அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டியிருந்தது.

இந்தக் கதையை இப்போது நாவலாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலை வாங்கும் இடத்தை நீட்டிப் பாடத் தெரிந்த வில்லுப்பாட்டுப் புலவர்கள் கல்குளம், தோவாளை, விளவங்கோடு பக்கங்களில் இருந்தால் வாசகர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்கட்டும். நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கதையை எழுதியவன்,
தக்கலை.