படுவான்கரைக்கு ஒரு மாலை பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பில் ‘என்னவாக வர விருப்பம்?’ என்று ஆசிரியை கேட்டபோது டாக்டர் என்றேன். வகுப்பில் பாதிப்பேர் அதையேதான் சொன்னார்கள்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. எங்கள் காலத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான். மாரிகாலத்தில் காற்றடித்தால் அதுவும் தாமதம். இரசாயனவியல் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையின் ஓரம் நனைய நனையத் துறையில் நின்ற காலைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கிடைத்தது. அழுதுகொண்டேதான் சேர்ந்தேன். ஒருநாள் நுணுக்குக்காட்டியில் நெல்வேரின் குறுக்குவெட்டைப் பார்த்தேன். வேருக்குள் காற்றறைகள்! சேற்றுக்குள் வேர் மூச்சுவிடுவது அவற்றால்தான். அப்பா காலமெல்லாம் செய்த வேளாண்மைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். இப்போது பேராதனையில் முதுமாணிப் படிப்பு. ஆய்வும் நெல்லைப் பற்றியதே.

போன மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்: “அக்கா, நான் கலைப்பிரிவே எடுக்கட்டுமா? விஞ்ஞான வகுப்பு முடிந்து வர பஸ் இல்லை.” கெட்டிக்காரப் பிள்ளை அவள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த தவணை தொடங்குமுன், மாலை ஆறு மணிக்கு நகரிலிருந்து எங்கள் உட்கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸாவது விட உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படுவான்கரை வாசகி